தலை எண்ணிக்கை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு
வக்ராவில் எங்கள் மால் மூடிக் கிடக்கும்.
தொழுகை முடியும்வரை
பதினாறு திரைகளிலும் ஆளில்லை.
நகரும் படி மட்டும்
யாரையோ ஏற்றிக்கொண்டதுபோல்
மேலே போய்க்கொண்டே இருக்கும்.

கிகோங்கோ பதினேழாவது திரையைத்
தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான்.
அதில் ஒரு வேன்.
வேனுக்குள் அவன் குடும்பம், பதினான்கு பேர்,
ஆட்டுக்குட்டி ஒன்றுதான் குறை.

கம்பாலாவிலிருந்து ஜிஞ்சாவுக்கு,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
நான்கு மாதமாக டியூட்டி தாளின் முதுகில்
அவன் ஓட்டிய வேன் அது:
வாடகை, டீசல், டிரைவர் சாப்பாடு,
மாமியாருக்கு முன்சீட்,
கோழிக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு,
யாராவது வாந்தியெடுத்தால் கழுவ இவ்வளவு.
அவனுக்கு மட்டும் சீட் போடவில்லை.

அங்கேயும் இங்கேயும் ஒரே மணி.
முதலில் அதைச் சொன்னபோது எனக்குப் பொறாமை.
நான் கூப்பிடும்போதெல்லாம் என் வீட்டில்
இரண்டரை மணி நேரம் முந்திப் போயிருப்பார்கள்,
சாப்பிட்டு, கைகழுவி, கொட்டாவிக்கு வந்து.

நமவோஜ்ஜோலோவில் வேன் நின்றது.
ஆட்கள் ஓடிவந்து ஜன்னல் ஜன்னலாகக்
குச்சியில் குத்திய கோழியை நீட்டினார்கள்.
கோஞ்சா என்றால் சுட்ட வாழைப்பழம்.
"எனக்குக் கொஞ்சம் போதும்" என்பேன் எப்போதும்.
அர்த்தம் சொன்ன நாளிலிருந்து சிரிப்பான்.
இன்று சிரிக்கவில்லை.
தொடை வாங்கு, நெஞ்சு காய்ந்திருக்கும் என்று
அவன் பாஷையில் கத்தினான்
(எனக்கு அப்படித்தான் புரிந்தது).
நாங்கள் குப்பூஸைப் பருப்பில் தொட்டுக்கொண்டோம்.

மபீரா காட்டுக்குள் சிக்னல் போனது.
கட்டம் கட்டமாக உறைந்த மாமியார்
பத்து நிமிடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கிகோங்கோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

பிறகு தண்ணீர்.
ஏரிக்கு அங்கே நாலுபாலே என்று பெயர்,
டீக்கடையில் யாரோ நாலு பால் சொன்னதுபோல்.
அதிலிருந்துதான் நைல் கிளம்புகிறதாம்.
கிளம்புகிற இடத்தில் ஒரு ஆறு
அவ்வளவு அவசரமாகத் தெரியவில்லை.
ஆரஞ்சு மேல்சட்டைகள் மாட்டிக்கொண்டு
படகில் ஏறினார்கள், நகர்ந்தார்கள்.

கேமரா அறையில் ஆறு வருடம் உட்கார்ந்தவன்.
எண்ணினான்.
பதின்மூன்று.
மடியிலிருந்த குழந்தையையும் சேர்த்து
மறுபடி எண்ணினான்.
நானும் எண்ணினேன். பதின்மூன்றுதான்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு
அலமாரியில் மோதியது.
நிறுத்து, நிறுத்து என்றான்.
வாக்கிடாக்கியைக் கூட ஒருமுறை வாயருகே கொண்டுபோனான்.
அங்கே எஞ்சின் அணைந்தது.
ஆளாளுக்குத் தலை எண்ணினார்கள்,
ஒருத்தி தன்னை விட்டுவிட்டு, ஒருத்தி தன்னை இரண்டு தடவை.
யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

திரை சுழன்றது.
வானம், ஒரு முழங்கால், தண்ணீர், வானம்.
பிறகு மிகக் கிட்டத்தில் ஒரு மூக்கு,
விழுந்த பல்லின் இடைவெளி.
"நான்தானே அப்பா காட்டிக்கொண்டிருக்கிறேன்"
என்றாள் நசூனா.

நாற்காலி உருண்டுபோனதை மறந்து உட்கார்ந்தான்.
தரையிலிருந்தே பேசினான்.

உங்கள் இடத்தைக் காட்டுங்கள் என்றாள்.
ஃபோனைத் தூக்கிப் பதினாறு திரைகளுக்கும் திருப்பினான்.
காலிப் பார்க்கிங், காலி வராண்டா, நகரும் படி.
எல்லாரும் எங்கே?
"படகுக்குப் போயிருக்கிறார்கள்" என்றான்.

நடு ஆற்றில் நிறுத்தியதற்குப்
படகுக்காரன் கூடுதலாகக் கேட்டான்.
தாளின் முதுகில் அந்த வரி இல்லை.
கிகோங்கோ என்னைப் பார்த்தான்.
நூறு ரியால்.
சம்பளத்துக்குத் தருகிறேன் என்றான்.

இரண்டு சம்பளம் போய்விட்டது.
கேட்கவில்லை நான்.
கேட்டால்
படகிலிருந்து இறங்கின மாதிரி ஆகிவிடும்.